கையா, மிஷினா?

“ஒரே ஒரு கேள்விதான் டீச்சர். தப்பு என் கையிலயா, இந்த மிஷின்லயா? அத மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லிடுங்க.”

சொல்லிவிட்டுப் பெரியவள் தன் வலது கையை வேலை உடுப்பின் பைக்குள் நுழைத்துக்கொண்டாள். ஏதோ தப்பு செய்த பிள்ளையை விருந்தாளியின் கண்ணில் படாமல் உள்ளே அனுப்பிவிடுவது மாதிரி இருந்தது அது.

பைக்குள் போன கையை டீச்சர் கவனித்தார். பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, பாதியில் வேலையை விட்டுத் துப்பறிய வந்தவர் அவர். அந்த வகுப்பில் வேதியியலில் தவறாமல் கோட்டை விட்டவன் கொசு. இப்போது அவருக்கு உதவியாளன். ஒல்லியான உடம்பு, ஓயாத ரீங்காரம். பெயர்க் காரணத்தை யாரும் கேட்டதில்லை.

“காளையைத் தேடச் சொல்லி வந்திருக்காங்க, காதலியைத் தேடச் சொல்லி வந்திருக்காங்க. கையைத் தேடச் சொல்லி இப்பத்தான் முதல் தடவை,” என்றான் கொசு. “அதுவும் பாக்கெட்லயே இருக்கற கை!”

“டேய்.”

“சரி டீச்சர்.”

மாடிக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் இருந்தது அந்தத் தச்சுப் பட்டறை. பெரியவள் மரம் அறுப்பாள், இழைப்பாள், பூட்டுவாள். அவள் தங்கை, எல்லோருக்கும் சின்னவள், பாலிஷ் போடுவாள். அக்கா தங்கை இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த இடம். வேலைக்கு வேறு ஆள் கிடையாது. ஜன்னலோரம் பாலிஷ் டப்பாக்கள், எதிர்ச் சுவரில் உளிகள், நடுவில் ஒரு மரத்தூண். தூணில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டு நின்றது அந்தக் கை டிரில்.

கரும்பச்சை இரும்பு. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கவ்விச் சுழலும், தலைக்கு மேலே பெரிய சக்கரம் வேகம் பிடிக்கும், நடுவில் இருக்கும் பிட்டு மரத்தைத் துளைத்தபடி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். பிட்டுக்கு நேர் கீழே, மரத்தை வைக்க ஒரு சின்ன இரும்பு மேடை. கரண்ட் வேண்டாம். சத்தமும் அதிகம் இல்லை. தூரத்தில் யாரோ சைக்கிள் மிதிப்பது மாதிரி ஒரு சன்னமான கிறுகிறுப்பு, அவ்வளவுதான்.

“சத்தம்தான் பிரச்சினையே,” என்றாள் பெரியவள். “மேல் மாடில ஒரு ரயில் டிரைவர். ராத்திரி வண்டி ஓட்டிட்டு வந்து பகல்ல தூங்கறவரு. நான் மோட்டார் டிரில் போட்டா அவரு தரைய இடிப்பாரு. கடைசில வீட்டுக்காரர் வந்து, மோட்டார் ஓடுச்சுன்னா காலி பண்ணிடுங்கன்னு சொல்லிட்டாரு. அப்பத்தான் பழைய இரும்புக் கடைல இது கண்ணுல பட்டுச்சு.”

“எந்த நிலைமைல?”

“மிஷின்னே சொல்ல முடியாது. துருப் பிடிச்ச கட்டி. சக்கரம் அசையல. உள்ள எலி குடும்பம் நடத்திட்டிருந்துச்சு.”

பேசப் பேசக் கை பையைவிட்டுத் தானாக வெளியே வந்துவிட்டது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டது, அசைய மறுத்த ஒரு போல்ட்டைச் சூடு காட்டிக் காட்டித் தட்டியது, உடைந்திருந்த பல் ஒன்றைப் பித்தளை உருக்கி வளர்த்துப் பக்கத்துப் பல்லைப் பார்த்தே அரம் போட்டு ராவியது, காணாமல் போயிருந்த கைப்பிடிக்குப் புதிதாக மரம் கடைந்தது, இந்தக் காலத்துப் பிட்டு பொருந்துகிற மாதிரி லேத் பட்டறையில் ஒரு வாய் செய்து வாங்கியது என்று எல்லாவற்றையும் காற்றில் செய்து காட்டினாள்.

“நான் அந்தப் பக்கம், இவ இந்தப் பக்கம். கம்பி பிரஷ்ஷ வெச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சு மழைக்காலமே போச்சு. பெயிண்ட் அடிச்சது இவதான். முதல் ஓட்டை போட்ட அன்னிக்கு ரெண்டு பேரும் அழுதுட்டோம், தெரியுமா?”

சின்னவள் பாலிஷ் துணியை மடித்துக்கொண்டே சிரித்தாள். “அக்கா அழுதா. எனக்குத் தூசி.”

“அப்புறம்?” என்றார் டீச்சர்.

பெரியவளின் கை மறுபடி பைக்குள் போயிற்று.

அப்புறம் நடந்தது இது. நூலகத்தில் குழந்தைகள் பிரிவுக்கு ஸ்டூல் செய்யும் வேலை வந்தது. பட்டறைக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. ஆரம்பத்தில் செய்தவை கல்லு மாதிரி நின்றன. பிறகு செய்தவை எல்லாம் சாய ஆரம்பித்தன. கால் மாட்டுகிற துளைகள் ஒரு பக்கமாகச் சரிந்தே விழுந்தன. ஒரு ஸ்டூல் கவிழ்ந்து குழந்தை ஒன்றுக்குத் தாடையில் அடி. நூலகர் அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

“மிஷின முழுசாக் கழட்டிப் பாத்தேன் டீச்சர். பிட்டு வளையல. சக்கரம் ஆடல. பழைய மிஷின்ங்கறதால மேடை மட்டும் தளரும், அதனால தினம் காலைல மூலைமட்டம் வெச்சுச் சரி பண்ணிட்டுத்தான் ஆரம்பிப்பேன். ஓட்டை போட்டதும் மறுபடி மட்டம் வெச்சுப் பாக்கறேன், சரின்னுதான் காட்டுது. கால மாட்டினா சாயுது! அப்ப என்ன அர்த்தம்? சுத்தும்போது என் கை நடுங்கி உள்ள போகப் போக ஓட்டை வளையுதுன்னுதானே?”

“கை நடுங்கறத நீங்க பாத்தீங்களா?”

“எனக்குத் தெரியல. இவதான் பாத்தா.”

சின்னவள் தயங்கினாள். “சொல்லவே மனசு வரல டீச்சர். ஆனா அக்கா கைப்பிடிய சுத்தும்போது லேசா ஒரு உதறல். டாக்டர் ஒண்ணும் இல்லன்னாரு. இருந்தாலும் சத்து மாத்திரை வாங்கிக் குடுத்திருக்கேன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “மிஷின் மேல தப்பில்ல. நானும் போட்டுப் பாத்தேன், நேராத்தான் வருது.”

“இப்ப ஒண்ணு போடேன், பாக்கலாம்.”

சின்னவள் எழுந்தாள். “மேடை கொஞ்சம் தளர்ந்திருக்கு,” என்றபடி திருகைத் தளர்த்தினாள். குனிந்து, ஒரு கண்ணை மூடி, பிட்டையும் மேடையையும் பார்த்து, இங்கே ஒரு தட்டு அங்கே ஒரு தட்டு தட்டி முடுக்கினாள். கட்டையை வைத்துச் சுற்றினாள். சுருள் சுருளாகத் தூள் உதிர்ந்தது. கொசு துளையில் ஒரு காலைச் செருகினான். சிப்பாய் மாதிரி விறைத்து நின்றது கால்.

பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டீச்சர் மட்டும் அந்தக் காலைப் பார்க்கவில்லை. மேடைக்குப் பக்கத்திலேயே, எட்டும் தூரத்தில் கிடந்த மூலைமட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரப்பிடியும் எஃகுத் தகடுமாக, செங்கோணம் சரிபார்க்க எல் எழுத்து மாதிரி ஒரு சின்னக் கருவி.

“கொசு, அந்த ஸ்டூல் மேல ஏறி நில்லு.”

“சாஞ்ச ஸ்டூலா? எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகல டீச்சர்!”

“ஏறுடா.”

ஏறினான். ஏறின வேகத்தில் இறங்கினான். இறங்கியதில் அவன் பங்கு கொஞ்சம்தான். அக்காளும் தங்கையும் பதறிப்போய் அவனைத் தூக்குவதற்குள், டீச்சர் மூலைமட்டத்தை எடுத்து ஒரு பலகையின் விளிம்பில் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்தார். மட்டத்தைத் திருப்பிப் போட்டு, அதே இடத்திலிருந்து இன்னொரு கோடு. பலகையை ஒரு கணம் பார்த்தார். பிறகு குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

“இந்த மட்டம் எங்க வாங்கினது?” என்று சாதாரணமாகக் கேட்டார்.

“மிஷின் வாங்கின அதே கடைல,” என்றாள் பெரியவள். “ஏன் டீச்சர்?”

“சும்மாதான். பிடி அழகா இருக்கே. வரேன்.”

*

தெருவுக்கு வந்ததும் கொசு இடுப்பைத் தடவிக்கொண்டான். “அறிவியலுக்காக உயிரைக் கொடுத்தவங்க பட்டியல்ல என் பேரையும் சேத்துடுங்க. எதுக்கு என்ன விழ வெச்சீங்க?”

“எல்லாரும் உன்னப் பாக்கணும்ல. நீ விழுந்தாத்தான் அழகா இருப்ப.”

“ரயில் டிரைவர்தான் டீச்சர், எழுதி வெச்சுக்குங்க. தூக்கம் கெட்ட மனுஷன் எதுக்கும் துணிவான்.”

“மோட்டார் நின்ன அன்னிலேர்ந்து அவரு நிம்மதியாத் தூங்கறாரு. கை டிரில் கெட்டா மறுபடி மோட்டார்தான் வரும். தன் தூக்கத்துக்குத் தானே உலை வைப்பாரா?”

கொசு அரைத் தெருவுக்கு வாயைத் திறக்கவில்லை. அவனைப் பொறுத்தவரை அது ஒரு சாதனை. “அப்ப அந்தம்மா கைதானா?”

“கை கிடையாது. மிஷினும் கிடையாது. மூலைமட்டம்.” டீச்சர் நடையை நிறுத்தவில்லை. “நேரான மட்டமா இருந்தா, திருப்பிப் போட்டுக் கோடு இழுத்தாலும் ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு விழும். இதுல விழல. கத்திரிக்கோல் மாதிரி விரியுது. மட்டமே கோணல். தினம் காலைல அந்தம்மா நேரா இருந்த மேடையக் கோணல் மட்டத்தை வெச்சுக் கோணலாக்கியிருக்காங்க. அப்புறம் அதே மட்டத்தை வெச்சுச் சோதிச்சிருக்காங்க. அது எப்படித் தப்புன்னு சொல்லும்?”

“திருடனையே சாட்சிக் கூண்டுல ஏத்தின மாதிரி!”

“ஆரம்பத்துல செஞ்ச ஸ்டூல் எல்லாம் நேரா நின்னுச்சுல்ல? அப்ப மட்டம் நல்லா இருந்திருக்கு. நடுவுல மாறியிருக்கு. கீழ விழுந்து கோணலாச்சா, ஆளே மாறிடுச்சா? அத கடைக்காரர்தான் சொல்லணும்.”

*

பழைய இரும்புக் கடைக்காரர் ஒரு தராசுத் தட்டில் உட்கார்ந்து ஸ்க்ரூ பொறுக்கிக்கொண்டிருந்தார். டீச்சர் மூலைமட்டம் என்று வாயெடுத்ததுமே, உள்ளேயிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்து வந்து வைத்தார். பெட்டி நிறைய மட்டங்கள். ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

“ஒரு பள்ளிக்கூடத்துல தச்சு வகுப்ப மூடினாங்க. மொத்தமா எடுத்தேன். எல்லாம் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க.”

“எல்லாமே நேரா இருக்குமா?”

அவர் நிமிர்ந்து டீச்சரை மேலும் கீழும் பார்த்தார். “நேரா இருக்கான்னு கேக்கறீங்க, சந்தோஷம். முன்னாடி ஒரு பொம்பள வந்து, கோணலா ஒண்ணு இருக்கான்னு கேட்டுச்சு.”

கொசு பெட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

“இத்தன வருஷமா கடை வெச்சிருக்கேன். கோணல் மட்டம் கேட்டு வந்த முதல் ஆள் அதுதான். நேரா இருக்கறத எல்லாம் ஒதுக்கி வெச்சுட்டு, ஒரு தாள்ல திருப்பித் திருப்பிக் கோடு போட்டுப் பாத்து, மோசமானதுலயே மோசமானதா ஒண்ணு எடுத்துக்கிச்சு. எதுக்கும்மான்னேன். நாடகத்துக்குன்னுச்சு.”

“ஆளு எப்படி?” என்றான் கொசு. “மூக்கு, முகம்?”

“நான் மூஞ்சியப் பாக்கறதில்ல தம்பி. இந்தக் கடைல வரவன் கையத்தான் பாத்துட்டே இருக்கணும். இப்ப உன் கையையும் பாத்துட்டுத்தான் இருக்கேன். அந்த ஸ்பானர எடுத்த இடத்துல வை.”

கொசு வைத்தான்.

“அந்தப் பொம்பள கை எப்படி இருந்துச்சு?” என்றார் டீச்சர்.

“வலது கைல மூணு விரல் நுனி மட்டும் செம்பழுப்பேறி இருந்துச்சு. டிஞ்சர் போட்ட மாதிரி. ஆஸ்பத்திரி நர்ஸுன்னு நெனச்சேன்.”

வெளியே வந்ததும் கொசு துள்ளினான். “நர்ஸ்! அந்த டாக்டர்தான் கை நல்லா இருக்குன்னாரு. அவருகிட்ட இருக்கற நர்ஸு...”

“நர்ஸ் கைல டிஞ்சர் பட்டா கழுவினாப் போயிடும்டா. மூணு விரலைச் சேத்து ஒரு துணியச் சுருட்டிப் பிடிச்சு, அதை ஸ்பிரிட்ல கரைச்ச அரக்குல தோய்ச்சு, தினம் தினம் மரத்துல தேய்க்கறவங்களுக்கு அது தோலோட ஊறிடும்.”

கொசுவின் முகம் மெல்ல மாறியது. “பாலிஷ்.”

“இன்னொண்ணும் இருக்கு. நான் ஓட்டை போடச் சொன்னப்ப மட்டம் கைக்கு எட்டற தூரத்துல கிடந்துச்சு. அவ அதத் தொடல. கண்ணளவுல மேடைய வெச்சா. தச்சுப் பட்டறைல தினம் வேலை பாக்கறவ, மட்டத்தை விட்டுட்டு ஏன் கண்ண நம்பணும்?”

“அந்த மட்டம் பொய் சொல்லும்னு தெரிஞ்ச ஒரே ஆள் அவதான்,” என்றான் கொசு. அதற்குப் பிறகு, திரும்பி நடந்த வழியெல்லாம் அவன் ஒரு கிண்டல் வார்த்தைகூடச் சொல்லவில்லை.

*

பட்டறையில் அக்காளும் தங்கையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஸ்டூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர், முன்பு தான் கவிழ்த்து வைத்த பலகையை எடுத்து நிமிர்த்திப் பெரியவள் மடியில் வைத்தார். இரண்டு கோடுகள். அடியில் ஒன்றாகத் தொடங்கி, மேலே போகப் போக விலகிய கோடுகள்.

பெரியவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மூலைமட்டத்தை வெடுக்கென்று எடுத்து, தானே கோடு இழுத்து, திருப்பி, மறுபடி இழுத்தாள். இன்னொரு தடவை. பிறகு இடது கையால் தன் வலது கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். உள்ளுக்குள் ஏதோ இளகியது போல அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, கேவலா என்று சொல்ல முடியாத சத்தம்.

“என் கை இல்ல,” என்றாள். “ஏய், பாத்தியாடி? என் கை இல்லடி!”

தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். சின்னவள் சிரிக்க முயன்றாள்.

“இது நீங்க வாங்கின மட்டம் இல்ல,” என்றார் டீச்சர். அவர் குரலில் அவசரமே இல்லை. “அதே ஜாதி, வேற ஆளு. யாரோ மாத்தி வெச்சிருக்காங்க. கடைக்காரர் முகத்தப் பாக்கலையாம். கைய மட்டும்தான் பாத்திருக்காரு. வாங்கினது ஒரு பொம்பளையாம். நர்ஸா இருக்கணும்ங்கறாரு. வலது கைல மூணு விரல் நுனி மட்டும், டிஞ்சர் போட்ட மாதிரி சிவப்பா...”

சின்னவளின் வலது கை மட்டும் மடியில் மெதுவாக மூடிக்கொண்டது. ஒவ்வொரு விரலாக உள்ளே மடங்கிக் கடைசியில் கட்டைவிரல் மேலே வந்து மூடியது.

அதைப் பெரியவள் பார்த்துவிட்டாள்.

எட்டி, அந்த மூடிய கையைத் தன் கையில் எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சின்னவள் தடுக்கவில்லை.

“நீயா?”

“அக்கா...”

“நீயாடி?”

“எனக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு,” என்றாள் சின்னவள். வார்த்தைகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தன. “பெரிய பர்னிச்சர் கம்பெனி. பாலிஷ் பிரிவு முழுக்க என் பொறுப்பு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ரெண்டு பேரும் சேந்துதான் இருப்போம்னு சொல்லி ஆரம்பிச்ச கடை. நான் போயிட்டா நீ ஒத்தையா உக்காந்து இந்தச் சக்கரத்த சுத்திட்டிருப்ப. அத என்னால நெனச்சுக்கூடப் பாக்க முடியல. கடை தானா நின்னுடுச்சுன்னா, நான் உன்ன விட்டுட்டுப் போனதா ஆகாதுல்ல? குழந்தை விழும்னு நான் நெனக்கவே இல்லக்கா. அன்னிக்கே மாத்தி வெச்சிடலாம்னு...”

“வெச்சியா?”

சின்னவளின் கண் பாலிஷ் துணிப் பையின் பக்கம் போயிற்று.

“போறேன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, உன் பெட்டிய நானே தூக்கிட்டு வந்து வண்டி ஏத்தி விட்டிருப்பேனே.” பெரியவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று கொசுவுக்குத் தோன்றியது. “ஊர்ல யாரு வந்து உன் கை நடுங்குதுன்னு சொல்லிருந்தாலும் நான் நம்பிருக்க மாட்டேன். டாக்டர் இல்லன்னு சொன்னாரு, அவரையே நம்பல. நீ சொன்ன, நம்பினேன். உன் பொண்ணு ஓடி வந்து தூக்கச் சொல்லி நிக்கும். கீழ போட்டுடுவேனோன்னு பயந்து, எனக்கு இடுப்பு வலின்னு பொய் சொல்லி அனுப்புவேன். அதெல்லாம் நீ பாத்துட்டுத்தானே இருந்த?”

“உன் கை நல்ல கைன்னு எனக்குத் தெரியும்க்கா.”

“எனக்குத் தெரியலையே.”

சின்னவள் எழுந்து போய், பாலிஷ் துணிகள் வைக்கும் பையின் அடியிலிருந்து பழைய மூலைமட்டத்தை எடுத்து வந்தாள். தூக்கிப் போட மனம் வராமல் மென்மையான துணியில் சுற்றி வைத்திருந்தாள். பெஞ்சில் வைத்தாள். அக்காவின் காலருகே உட்காரப் போனாள்.

“நீ கிளம்பு,” என்றாள் பெரியவள். “குழந்தை ஸ்கூல் விட்டு வந்திருக்கும்.”

“அக்கா, நான்...”

“இன்னிக்கு எதுவும் பேச வேணாம். நாளைக்கும் வராத. என்னிக்கு வரலாம்னு எனக்கே தெரியல.”

சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். தெருவில் அவள் இரண்டு தடவை நின்று திரும்பிப் பார்த்தது ஜன்னல் வழியே தெரிந்தது. பெரியவள் பார்க்கவில்லை. நல்ல மட்டத்தை வைத்து மேடையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அப்போது ஃபோன் அடித்தது. நூலகர். பெரியவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

“என்னம்மா, காரணம் தெரிஞ்சுதா? யாரு தப்பு? இல்லன்னா நான் வேலைய வேற இடத்துல குடுத்துடுவேன்.”

கொசு வாயைத் திறந்தான். டீச்சர் அவன் காலை மிதித்தார்.

“எங்க பட்டறைத் தப்புதான் சார்,” என்றாள் பெரியவள். “அளவு பாக்கற கருவி ஒண்ணு கோணலாயிருந்துச்சு, நான் கவனிக்கல. அந்தக் குழந்தை வீட்டுக்கு நானே போய் மன்னிப்புக் கேக்கறேன். எல்லா ஸ்டூலையும் திரும்பச் செஞ்சு தரேன். முதல்ல ஒண்ணு கொண்டு வரேன். நீங்களே ஏறி நின்னு பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க.”

“சரி, ஒண்ணு கொண்டு வாங்க. பாக்கலாம்.”

ஃபோன் அணைந்ததும் கொசுவால் தாங்க முடியவில்லை. “ஏங்க, அவங்க பேரைச் சொல்லிருக்கலாமே! செஞ்சது அவங்க. பழி உங்க மேலயா?”

“அவள நான் திட்டுவேன். ஆயுசுக்கும் திட்டுவேன்,” என்றாள் பெரியவள். “நூலகத்துக்காரர் எதுக்குத் திட்டணும்?”

டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டார். வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தார். பெரியவள் ஜன்னலோரம் போய், தங்கையின் பாலிஷ் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கதவுக்கு வெளியே வைத்துக்கொண்டிருந்தாள். வைக்கும் முன் ஒவ்வொரு மூடியையும் உள்ளங்கையால் அழுத்தி இறுக்கினாள். காற்றுப் பட்டால் உள்ளே இருப்பது கெட்டியாகிவிடும்.

கடைசி டப்பாவையும் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.